ஸ்லாலம் ஸ்கீ வாங்கும் முன்: எடை, வேகம், கயிறு, அதன் பிறகுதான் பிராண்ட்

பாலாற்றில் தண்ணீர் ஓடினாலே போட்டோ எடுத்து அனுப்புகிற ஊரில் நீர்ச்சறுக்கு பற்றி யாருக்கு வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ ஆள் இல்லாத தெரு குறைவு. அங்கே வார இறுதியில் படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துப் பழகியவர்களும், படிக்கப் போன இடத்தில் கல்லூரி நீர்ச்சறுக்கு அணியில் சேர்ந்தவர்களும் கொஞ்ச நாளில் ஒரே கேள்விக்கு வந்து நிற்பார்கள்: சொந்தமாக ஒரு நல்ல ஸ்கீ (சறுக்குப் பலகை) வாங்கலாம், எதை வாங்குவது?

இரண்டு ஸ்கீயில் ஓடி, ஒன்றைக் கழற்றிவிட்டு ஒற்றை ஸ்கீயில் படகு அலையை இருபக்கமும் தாண்டத் தெரிந்தவர்களுக்கு இந்த வழிகாட்டி. அந்தக் கட்டத்துக்கு வராதவர்கள் கிளப்பில் கிடைக்கும் அகலமான பழைய ஸ்கீயிலேயே ஒரு பருவம் ஓட்டட்டும். பணம் மிச்சம், முழங்காலும் மிச்சம்.

களம் என்ன கேட்கிறது

ஸ்லாலம் என்பது ஒற்றை ஸ்கீயில் நின்று மிதவைகளைச் சுற்றிச் சுற்றிப் போகும் ஓட்டம். அதன் களத்தின் நீளம் 259 மீட்டர். நடுவே படகு நேர்கோட்டில் ஓடும். அந்தக் கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி வலம், இடம் மாறி மாறி ஆறு மிதவைகள். நுழைவாயிலிலிருந்து முதல் மிதவைக்கு 27 மீட்டர், அதன் பிறகு மிதவைக்கு மிதவை 41 மீட்டர் (படகின் திசையில் அளந்தது). ஆறையும் சுற்றி, மறுமுனை வாயில் வழியாக வெளியே வந்தால் ஒரு ஓட்டம் முடிந்தது. அடுத்த ஓட்டத்துக்கு வேகம் 3 கி.மீ கூடும். உச்ச வேகம் ஆண்களுக்கு மணிக்கு 58 கி.மீ, பெண்களுக்கு 55. உச்சத்தைத் தொட்டபின் வேகம் ஏறாது, கயிறு குறையும்: 18.25 மீட்டர், 16, 14.25, 13, 12, 11.25, 10.75, 10.25, 9.75.

இந்தக் கணக்கில் ஒரு இடம் கவனிக்கத்தக்கது. 12 மீட்டர் வரை கயிறு மிதவையின் தூரத்தைவிட நீளம். 11.25-க்கு வந்ததும் கயிறு மிதவையை எட்டாது. மீதியை உடம்பைச் சாய்த்து, கையை நீட்டித்தான் எட்ட வேண்டும். விலையுயர்ந்த பந்தய ஸ்கீகள் அந்தக் கட்டத்தை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. 2013-ல் நேட் ஸ்மித் 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை மிதவை எடுத்து உலக சாதனை வைத்தார். அவர் காலில் இருந்த மாதிரியான ஸ்கீ, 46 கி.மீ வேகத்தில் நான்காவது மிதவையைத் தவறவிடுகிறவருக்கு உதவுவதைவிட உபத்திரவம் கொடுப்பதே அதிகம்.

நேரத்தையும் பாருங்கள். 55 கி.மீ வேகத்தில் முழுக் களமும் 16.95 வினாடி, மிதவைக்கு மிதவை 2.7 வினாடிகூட இல்லை. 46-ல் அதே இடைவெளிக்கு 3.2 வினாடி கிடைக்கும். ஸ்கீ தண்ணீரில் அரை வினாடி மந்தமாக எழுந்தால் இந்தக் கணக்கே கவிழ்ந்துவிடும்.

கடைக்குப் போகுமுன் எழுதிக்கொள்ள வேண்டிய நான்கு

ஒன்று, எடை. லைஃப் ஜாக்கெட் இல்லாமல், காலையில், கிலோவில். "எழுபது இருக்கும்" என்று சொல்லாமல் தராசில் ஏறிப் பாருங்கள்.

இரண்டு, நீங்கள் இப்போது அதிகம் ஓட்டும் வேகம். அடுத்த வருடம் ஓட்ட நினைக்கும் வேகத்தை இதில் கலக்காதீர்கள். பலர் ஏமாறும் இடம் இதுதான்.

மூன்று, கயிற்றின் நீளம். களமே இல்லாமல் திறந்த ஏரியில் ஓட்டுகிறவர் என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஸ்கீ ரகமே மாறும்.

நான்கு, எந்தக் கால் முன்னே. இரண்டு ஸ்கீயில் போகும்போது ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பாருங்கள். எந்தக் காலில் நின்றால் ஆட்டம் குறைவோ அதுவே முன்கால். பின்னாலிருந்து தள்ளிவிட்டு எந்தக் கால் முதலில் போகிறது என்று பார்க்கும் வித்தை பாதி நேரம் தப்பாகும். இடது கால் முன்னே வைப்பவருக்கு இடுப்பு இயல்பாக வலப்பக்கம் திறந்திருக்கும். ஆகவே வலப்பக்கத் திருப்பம், அதாவது படகின் இடப்புறமுள்ள 2, 4, 6 மிதவைகள் எளிது. 1, 3, 5 கடினம். வலது கால் முன்னே என்றால் எல்லாம் தலைகீழ். ஒரு ஸ்கீயின் குணம் வெளிப்படுவது இந்தக் கடினமான பக்கத்தில்தான்.

அளவு

ஸ்கீயின் அளவை உலகம் முழுக்க அங்குலத்தில்தான் சொல்கிறார்கள். 65 அங்குலம் என்பது 165 செ.மீ, 67 என்பது 170. 52 முதல் 55 கி.மீ வேகத்துக்குத் தோராயக் கணக்கு இப்படி வரும்:

55–65 கிலோ: 64 அல்லது 65 அங்குலம்
65–77 கிலோ: 65 அல்லது 66
77–88 கிலோ: 66 அல்லது 67
88–98 கிலோ: 67 அல்லது 68
அதற்கு மேல்: 69

46, 49 கி.மீ வேகத்தில் ஓட்டுகிறவர் ஒரு படி மேலே போகலாம். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், 52-க்குக் கீழே ஓட்டுகிறவர் பெரியதையும், 55-க்கு மேல் ஓட்டுகிறவர் சிறியதையும் எடுப்பது வழக்கம். ஒவ்வொரு கம்பெனியும் தன் ஸ்கீக்குத் தனி அட்டவணை போட்டிருக்கும். அது இந்தக் கணக்கோடு முரண்பட்டால் அவர்கள் அட்டவணையே சரி, ஏனெனில் அகலம் ஒவ்வொருவரிடமும் வேறு.

அகலம் இவ்வளவு முக்கியமாவது ஏன்? ஸ்கீயைத் தண்ணீர் மேலே தூக்கும் விசை ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 58 கி.மீ-யில் கிடைக்கும் தூக்கு 100 என்றால், அதே ஸ்கீக்கு அதே கோணத்தில் 46-ல் கிடைப்பது 63. இந்தக் குறையை நீளத்தால் ஈடுகட்டப் பார்த்தால், 66-லிருந்து 67-க்குப் போனால், அகலமும் அதே விகிதத்தில் கூடினாலும், பரப்பு 3 சதவீதம்தான் ஏறும். அதுவே நீளத்தை மாற்றாமல் அகலத்தை 17 செ.மீ-லிருந்து 18.5 செ.மீ ஆக்கினால் கிட்டத்தட்ட 9 சதவீதம். மெதுவாக ஓட்டுகிறவருக்கு அகலமான வகை ஸ்கீ செய்யும் உதவியை ஒரு அங்குல நீளம் செய்யாது.

சிறிய ஸ்கீ எடுத்துவிட்டால் அறிகுறிகள் தெளிவு: ஆழ்தண்ணீரிலிருந்து எழும்ப இரண்டு மூன்று முயற்சி, திருப்பம் முடியும்போது வால் அமிழ்ந்து ஸ்கீ நின்றே போவது, ஒவ்வொரு மிதவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாகி ஐந்தாவதில் விட்டுவிடுவது. பெரியது எடுத்துவிட்டால் வேறு தொல்லை. ஸ்கீ விளிம்பில் சாயவே மறுக்கும், மிதவைக்கு முன்னால் வேகம் இறங்காது, கொஞ்சம் சலசலப்பான தண்ணீரில் தட்டுத்தட்டென்று குதிக்கும்.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "மச்சான், இங்க பழைய ஸ்கீ ஒண்ணு பாதி விலைக்கு வருது, எடுத்துட்டு வரட்டுமா" என்று டல்லாஸிலிருந்து போன் வரும். அந்த ஸ்கீ 85, 90 கிலோ ஆள் ஓட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். 67, 68 அளவாக இருக்கும். 66 கிலோ ஆளுக்கு அது வேண்டாம். ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, செருப்பு மலிவு என்பதற்காகக் காலை வெட்டிக்கொள்ள முடியாது.

அகலம், ராக்கர், பெவல், கான்கேவ்

கடைக்காரர் பேசுகிற முக்கால்வாசிப் பேச்சு இந்த நான்கில் அடங்கும்.

அகலம்: பந்தய ஸ்கீகள் அகலமான இடத்தில் 17 செ.மீ-யை ஒட்டி இருக்கும். அகல வகைகள் 18 செ.மீ-யைத் தாண்டும். ரேடாரின் வேப்பரும் ஹெச்.ஓ-வின் சிண்டிகேட் வரிசையும் பந்தயப் பக்கம்; அதே கம்பெனிகளின் செனட், ஆம்னி இரண்டும் அகலப் பக்கம். கானலி, டி3, குட் ஆகியவையும் தத்தம் வரிசைகளை இப்படித்தான் பிரித்து வைத்திருக்கின்றன. 46-லிருந்து 52 வரை ஓட்டுகிறவரும் திறந்த ஏரியில் ஓட்டுகிறவரும் அகலப் பக்கத்திலேயே இருப்பது நல்லது. 55-ல் 16 மீட்டர் கயிற்றை முழுதாக முடிக்கிறவர் பந்தயப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். இது எங்கள் கணிப்பு, 14.25 வரை அகல ஸ்கீயிலேயே போகிறவர்களும் உண்டு.

ராக்கர்: ஸ்கீயைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் அடிப்பகுதி படகு போல வளைந்திருக்கும். அந்த வளைவுதான் ராக்கர். வளைவு அதிகமானால் சுலபமாகத் திரும்பும், வேகம் குறையும். தட்டையாக இருந்தால் படகு அலையைக் குறுக்கே வெட்டிப் பறக்கும், திருப்ப ஆள் உழைக்க வேண்டும். களத்துக்குப் புதியவர் "வேகமான ஸ்கீ" என்ற விளம்பரத்தில் மயங்கித் தட்டையானதை எடுத்தால், மிதவைக்கு அருகே வேகத்தை இறக்கத் தெரியாமல் மிதவையைத் தாண்டி நேராகப் போய்விடுவார்.

பெவல் என்பது விளிம்பைச் சீவியிருக்கும் விதம். கூர்மையாக இருந்தால் தண்ணீர் சட்டென்று பிரிந்துபோகும். ஸ்கீ மேலே நின்று ஓடும். உருண்டையாக இருந்தால் தண்ணீர் விளிம்பைச் சுற்றி ஒட்டி ஏறி ஸ்கீயைக் கொஞ்சம் அமிழ்த்தும், சாய்வது மென்மையாக நடக்கும். டம்ளரிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது விளிம்பு மழுங்கலாக இருந்தால் வெளிப்பக்கமே வழிகிறதே, அதே சங்கதி.

கான்கேவ் என்பது அடிப்பக்கக் குழிவு. விளிம்பிலிருந்து விளிம்பு வரை குழிந்திருந்தால் பிடிப்பு அதிகம், திருப்பம் கூர்மை. நடுவில் மட்டும் வாய்க்கால் போலக் குழிந்து இரு ஓரமும் தட்டையாக இருந்தால் நிதானம், தவறுகளை மன்னிக்கும்.

இரண்டு ஸ்கீயை ஒப்பிட, கண்ணாடி மேசையில் கவிழ்த்து வைத்து அடிப்பகுதியில் நீளமான ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். வளைவு எங்கே தொடங்குகிறது, வால் பக்கம் எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரியும். வளையாமல் நிற்கும் விறைப்பையும் இப்படி ஒப்பிடலாம்: ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு தாங்கிகள், மேலே ஸ்கீ, நடுவில் பத்து கிலோ எடை, எத்தனை மி.மீ தொய்கிறது என்று டயல் கேஜில் குறித்துக்கொள்ளுங்கள். சிப்காட்டில் எந்த லேத் பட்டறையிலும் இதற்கான சாமான் இருக்கும். கிடைக்கும் எண்ணைக் கம்பெனி தரும் எண்ணோடு பொருத்தக் கூடாது. உங்கள் இரண்டு ஸ்கீயை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே அது பயன்படும்.

எதனால் செய்தது என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். விலை ஏற ஏற கார்பன் கூடும், கண்ணாடி இழை குறையும். உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் நுரைக்குப் பதில் பி.எம்.ஐ நுரை வரும். எடை குறையும், விறைப்பு கூடும், அடித்த அடிக்கு உடனே பதில் வரும். உச்ச ரகம், காலைக் கட்டும் பைண்டிங் இல்லாமலே 2,000 டாலரை ஒட்டி அல்லது தாண்டி நிற்கிறது. நடுரகம் அதில் பாதிக்கும் கீழ். 52 கி.மீ வரை ஓட்டுகிறவர் இந்த வித்தியாசத்தில் பெறுவதைவிட, அதே பணத்தில் இருபது முறை கூடுதலாகப் படகுக்குப் பின்னால் போய்ப் பெறுவது அதிகம்.

பைண்டிங்

காலை ஸ்கீயோடு கட்டும் இந்தப் பாகத்தைக் கடைசியில், மிச்சப் பணத்தில் வாங்குவதுதான் பலர் செய்யும் தவறு. கணுக்கால் முறிவது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

மூன்று அமைப்பு உண்டு. முன்னே பூட், பின்னே வெறும் விரல்பட்டை: பின்காலைச் செருகி எடுக்க வசதி, ஆழ்தண்ணீர் எழும்பலுக்குச் சுலபம், முதல் ஸ்கீக்கு இதுவே போதும். இரண்டு பக்கமும் பூட்: பிடிப்பு அதிகம், ஆனால் விழும்போது இரண்டும் ஒன்றாகக் கழல வேண்டும். ஒரு கால் வெளியே வந்து மற்றது மாட்டிக்கொண்டால், ஸ்கீ நெம்புகோலாகி அந்த ஒற்றைக் காலை முறுக்கும். ஆகவே முன்பூட் தளர்வு, பின்பூட் இறுக்கம் என்று வைப்பது ஆபத்து. மூன்றாவது, கெட்டியான ஓடு கொண்ட பூட். ரிஃப்ளெக்ஸ் போன்றவற்றில் குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் பூட்டே ஸ்கீயிலிருந்து கழன்றுவரும். சிலவற்றில் இரண்டு பூட்டும் ஒரே தகட்டில் இருக்கும், தகடு காளான் தலை போன்ற பற்கள் கொண்ட ஒட்டுப்பட்டையால் ஸ்கீயில் பிடித்திருக்கும், விழுந்தால் தகடோடு விடுபடும். அந்தப் பட்டையின் பசை வெயிலில் இளகும் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

அளவெடுப்பது: சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், காகிதத்தில் நின்று பாதத்தை வரைந்து நீளம், முன்பாத அகலம் இரண்டையும் மி.மீ-யில் எடுங்கள். அமெரிக்க எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சின்ன வயதில் வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த கால்களுக்கு முன்பாதம் அகலமாக இருக்கும். நீளத்துக்குப் பொருந்தும் பூட் விரல் பக்கம் நசுக்கும். சூடாக்கி வடிவம் ஏற்றக்கூடிய உள்ளுறை வரும் பூட்டானால் இந்தச் சிக்கல் பாதி தீரும். ரப்பர் பூட்டில் காலை நுழைக்க நீர்த்த பாத்திரச் சோப்பு போதும். எண்ணெய் தடவினால் ரப்பர் உப்பிப் போகும்.

பொருத்தும் இடமும் முக்கியம். வால் நுனியிலிருந்து முன்பூட்டின் குதிகால் வரை அளப்பார்கள். 67 அங்குல ஸ்கீயில் இது 29, 30 அங்குலத்தை ஒட்டி வரும். சரியான எண் ஸ்கீயோடு வரும் தாளில் இருக்கும். ஒரு துளை முன்னே நகர்த்தினால் முனை அதிகம் தண்ணீரைப் பிடிக்கும், பின்னே நகர்த்தினால் முனை லேசாகும். திருகுகளைக் கையால் ஸ்க்ரூடிரைவர் கொண்டு முடுக்குங்கள். பேட்டரி டிரில்லால் முடுக்கினால் உள்ளே பதித்த பித்தளை மரை நுரையோடு பிய்ந்து வரும், அதன் பிறகு ஸ்கீயே வீண்.

ஃபின்

வாலுக்கு அடியில் நிற்கும் சிறிய உலோகத் தகடு. இதைத் தொட்டுத் தொட்டு நல்ல ஸ்கீயைக் கெடுத்தவர்கள் ஏராளம். வாங்கியபின் குறைந்தது பத்து முறை கம்பெனி வைத்த அளவிலேயே ஓட்டுங்கள்.

அளவுகள் நான்கு: நீளம், ஆழம், வாலிலிருந்து ஃபின் இருக்கும் தூரம், ஃபினில் குறுக்கே நிற்கும் சின்ன இறக்கையின் கோணம். வழக்கமான எண்கள் நீளம் 6.8 அங்குலத்தை ஒட்டி, ஆழம் 2.5, வாலிலிருந்து முக்கால் அங்குலம், இறக்கை 7 முதல் 9 டிகிரி. பட்டறையில் ‘தௌ’ என்போமே, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அந்தக் கணக்கில்தான் மாற்றம் எல்லாம். ஒரு முறைக்கு 5 தௌ, அதிகம் போனால் 10.

அளக்க ஆழம் பார்க்கும் கம்பி உள்ள டயல் காலிபர் வேண்டும். நீளத்தைக் காலிபரின் தாடையால் அளந்தால் ஒரு எண், நுனியால் அளந்தால் வேறொரு எண் வரும். கம்பெனி எந்த முறையில் சொல்கிறது என்று பார்த்து அதே முறையில் அளக்கவும். இல்லாவிட்டால் சரியாக இருப்பதை "சரிசெய்து" கெடுப்பீர்கள். அளப்பது நிழலில். 174 மி.மீ நீள அலுமினிய ஃபின் 20 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 0.08 மி.மீ நீளும், அதாவது 3 தௌ. வெயிலில் கிடந்த ஸ்கீயை ஏ.சி அறையிலிருந்த காலிபரால் அளந்துவிட்டு "ஃபின் நகர்ந்துவிட்டது" என்று பதறுவது இதனால்தான்.

என்ன செய்தால் என்ன ஆகும்: ஆழம் கூட்டினால் வால் உறுதியாகப் பிடிக்கும், வழுக்கித் திரும்புவது குறையும். நீளம் கூட்டினால் முனைப் பிடிப்பு கூடும். ஃபினை முன்னே தள்ளினால் திருப்பம் கூர்மை, பின்னே இழுத்தால் நிதானம். இறக்கைக் கோணத்தைக் கூட்டினால் மிதவைக்கு முன் வேகம் இறங்கும். கடினமான பக்கத்தில் முனை குத்தி முன்பக்கமாகத் தூக்கி எறிகிறது என்றால் ஃபினை 5 தௌ பின்னே. திருப்பம் முடியும்போது வால் பிய்த்துக்கொண்டு போகிறது என்றால் ஆழத்தை 5 தௌ கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றே மாற்றம், அதன்பின் இரண்டு ஓட்டமாவது.

திருப்பம் முடிந்ததும் கயிறு தொய்ந்து பிறகு வெடுக்கென்று இழுக்கிறதே என்பவர்கள் முதலில் வீடியோ எடுத்துப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு அது ஃபின் கோளாறாக இருக்காது. மிதவைக்கு நேரே போய் அங்கே திரும்பும் பழக்கம்தான்.

இறக்கையைக் கழற்றும் முன் எந்தப் பக்கம் மேலே என்று போட்டோ எடுத்து வையுங்கள். தலைகீழாக மாட்டி ஓட்டியவர்கள் உண்டு.

இரண்டு ஸ்கீயை ஒப்பிடும் முறை

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல கடைகளும் கம்பெனிகளும் ஓட்டிப்பார்க்கக் கொடுக்கின்றன. கொடுத்தால் இப்படிச் செய்யுங்கள்.

1. உங்கள் சொந்தப் பைண்டிங்கையே இரண்டு ஸ்கீயிலும் மாட்டுங்கள். பூட் மாறினால் ஒப்பீடே செல்லாது. அந்தந்த ஸ்கீக்குக் கம்பெனி சொன்ன தூரத்தில் மாட்டுங்கள், பழைய ஸ்கீயின் தூரத்தில் வேண்டாம்.

2. ஃபினை அளந்து கம்பெனி எண்ணோடு சரிபாருங்கள். ஓட்டிப்பார்க்கும் ஸ்கீயை உங்களுக்கு முன்னால் வந்தவர் மாற்றி வைத்திருப்பார்.

3. முதல் ஓட்டம் களத்துக்கு வெளியே, வழக்கமான வேகத்துக்கு ஒரு படி கீழே. இதற்கு மதிப்பெண் போட வேண்டாம். புது ஸ்கீயில் முதல் ஓட்டம் எப்போதும் ஒன்று அற்புதமாக இருக்கும், இல்லை பயங்கரமாக இருக்கும், இரண்டையும் நம்பாதீர்கள்.

4. அதே படகு, அதே ஓட்டுநர், அதே கயிறு, அதே நேரம். காலையில் கண்ணாடி போன்ற தண்ணீரில் ஒன்றையும் மதியக் காற்றில் மற்றதையும் ஓட்டினால் காற்றைத்தான் ஒப்பிடுகிறீர்கள். ஜி.பி.எஸ் வேகக் கட்டுப்பாடு உள்ள படகு என்றால் இரண்டு முறையும் ஒரே அமைப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

5. நீங்கள் பத்துக்கு எட்டு முறை முடிக்கும் ஓட்டத்தில் நான்கு முறை ஓட்டுங்கள். அதன்பின் பாதிக்குப் பாதி முடிக்கும் ஓட்டத்தில் நான்கு. எத்தனை மிதவை என்பதோடு, எந்த மிதவையில் ஏன் போயிற்று என்றும் படகிலிருப்பவர் குறிக்கட்டும்.

6. அடுத்த நாள் பழைய ஸ்கீக்குத் திரும்பி அதே எட்டு ஓட்டம். புதியது உண்மையிலேயே மேல் என்றால் இங்கே தெரிந்துவிடும்.

எண்ணைவிட மூன்று உணர்வுகளை நம்பலாம்: இரண்டாவது அலையைத் தாண்டியதும் ஸ்கீ உங்களை வெளியே கொண்டுபோகிறதா, நீங்கள் அதை இழுக்கிறீர்களா, கடினமான பக்கத் திருப்பத்தில் நிற்கிறதா, ஓடிக்கொண்டே திரும்புகிறதா, தாமதமாகி, தப்பான இடத்தில் நின்று திரும்பினாலும் விடாமல் பிடிக்கிறதா. மூன்றாவதுதான் உங்கள் மதிப்பெண்ணை உயர்த்தும். சரியாக ஓட்டும்போது எல்லா ஸ்கீயும் நன்றாகத்தான் போகும்.

பழையது வாங்கினால்

மூன்று நான்கு வருடம் பழைய உச்ச ரக ஸ்கீ பெரும்பாலும் இன்றைய நடுரகத்தின் விலைக்கே வரும்; அளவு பொருந்தினால் நல்ல பேரம். பார்க்க வேண்டியவை: ஒரு ரூபாய் நாணயத்தால் வாலிலிருந்து முனை வரை தட்டிக்கொண்டே வாருங்கள். பூசணிக்காய் தட்டுவதுபோலச் சத்தம் ஒரே சீராக வர வேண்டும். ஓரிடத்தில் மந்தமாக மாறினால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு மரையிலும் திருகைப் போட்டு இழுத்துப் பாருங்கள். ஃபின் பெட்டி விரலால் அசைத்தால் அசையக் கூடாது. பைண்டிங்கைக் கழற்றிவிட்டு எடை போட்டு, அதே அளவுப் புதிய ஸ்கீயின் எடையோடு ஒப்பிடுங்கள். நூற்றைம்பது இருநூறு கிராம் கூடுதல் என்றால் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கலாம். முன்பூட்டுக்கு முன்னால் குறுக்கே மயிரிழைக் கோடு இருந்தால், விலை என்ன சொன்னாலும் வேண்டாம். போன் படத்தை வைத்து இதையெல்லாம் முடிவு செய்ய முடியாது. அங்கிருக்கும் சொந்தக்காரரிடம் இந்தப் பத்தியைக் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊருக்குக் கொண்டுவந்தபின்

காவேரிப்பாக்கம் ஏரியில் ஓட்டலாமா, மோர்தானா அணையில் ஓட்டலாமா என்ற ஆசை வரும். 259 மீட்டர் களத்துக்கு முன்னும் பின்னும் படகு வேகமெடுக்கவும் திரும்பவும் இடம் சேர்த்தால் 600 மீட்டர் நேர்நீளம், சீரான ஆறடி ஆழம் வேண்டும். நம் ஏரிகள் பாசனத்துக்கானவை. பங்குனி வந்தால் இறங்கிவிடும், தண்ணீருக்கடியில் சீமைக்கருவேலக் கட்டை, பழைய மதகுக் கல், மீன்வலை என்று கண்ணுக்குத் தெரியாதவை பல. அனுமதியில்லாமல் விசைப்படகு விடவும் கூடாது. கோட்டை அகழியைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அது தொல்லியல் துறையிடம். ஆகவே ஸ்கீ வருடத்தில் பத்து மாதம் வீட்டில் தூங்கப்போகிறது. அதைத் தூங்கவைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது.

வேலூர்க் கத்திரி வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும். ஸ்கீயின் இழைகளைப் பிணைக்கும் எபாக்ஸி பிசினில் அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும் ரகங்கள் உண்டு. பைண்டிங் தகட்டின் ஒட்டுப் பசையும் நகரும். ஓரத்தில் பளு அழுத்திக்கொண்டிருந்தால் ராக்கர் மாறிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மொட்டை மாடி அறை, தகரக் கொட்டகை, கார் டிக்கி மூன்றும் கூடாது. வீட்டிலேயே குளிர்ச்சியான உள்ளறையில், துடைத்து நன்றாக ஆறவிட்டு, உறையின் ஜிப்பைத் திறந்துவைத்து, கட்டிலுக்கடியில் தட்டையாக வையுங்கள். சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். பூட்டுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் ஈரமும் போகும், வடிவமும் நிற்கும்.

விமானத்தில் கொண்டுவருகிறவர்கள் 170 செ.மீ-க்கு மேற்பட்ட பையை அந்த விமான நிறுவனம் ஏற்குமா என்று டிக்கெட் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபினைக் கழற்றாமல் அதற்கு மேல் தடித்த நுரை உறை போடுங்கள். கழற்றினால் அளவெல்லாம் போயிற்று. ரசீதைக் கையில் வையுங்கள், கஸ்டம்ஸில் கேட்பார்கள். பெட்டியைப் பிரித்த அன்றே, யாரும் கை வைக்கும் முன், ஃபினின் நான்கு எண்ணையும் முன்பூட்டின் தூரத்தையும் அளந்து, ஒரு சீட்டில் எழுதி, டேப் போட்டு உறையின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.